கை நடுங்கினாலும் செருகு!

தம்பி, ரிமோட் விமானம் வாங்கி மூன்று மாதமாகிறது. இன்னும் பரண்மேல் பெட்டிக்குள் தூங்குகிறது. கேட்டால், "லைப்போ பேட்டரி தீப்பிடிக்குமாம் அண்ணே" என்கிறாய். பிடிக்கும்தான்! உன் வீட்டு அடுக்களையில் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் நிற்கிறதே, அதற்கு அஞ்சி உன் அம்மா அடுப்பு மூட்டாமல் இருந்தாரா? ரெகுலேட்டரை எப்படி மூடுவது, டியூபை எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொண்டார். பற்றவைத்தார். நீ சாப்பிட்டாய்.

பெட்டியைத் திற. பேட்டரி மேல் ஒட்டியிருப்பதைப் படி: 3எஸ், 2200 எம்ஏஎச். உள்ளே மூன்று செல்கள். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 12.6. அதற்குமேல் ஏறக்கூடாது. 2200-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 2.2. அத்தனை ஆம்பியரில் ஏற்று, சுமார் ஒரு மணி நேரம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு! இதற்கா மூன்று மாதம் ஒளிந்தாய்?

என் முதல் நாளைக் கேள். சார்ஜரில் செருகவேண்டிய ஒயரை முதலில் பேட்டரியில் மாட்டிவிட்டேன். மறுமுனையில் தொங்கிய இரண்டு பிளக்குகளும் ஒன்றோடொன்று உரசின. 'பட்'டென்று ஒரு பொறி. பிளக் முனை கருத்தது, என் முகம் அதைவிட. எட்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் போனேன். மாட்டும்போது சார்ஜர் முதலில், பேட்டரி பிறகு. கழற்றும்போது பேட்டரி முதலில். அந்தப் பொறி என் கையில் எழுதிவிட்டுப் போன பாடம் அது, இன்றுவரை அழியவில்லை.

"எனக்கு வயசாயிடுச்சு, கரண்ட் வேலையெல்லாம் வராது" என்று பின்வரிசையில் முனகுகிறவரே, உமக்கும் சொல்கிறேன். ஜான் குட்இனஃப் சிறுவயதில் வாசிக்கவே திணறியவர். உன் லைப்போ உட்பட லித்தியம்-அயனி பேட்டரிகளுக்கு வழி திறந்த கோபால்ட் ஆக்சைடு மின்முனையை ஆக்ஸ்ஃபோர்டில் அவர் குழு கண்டது 1980-ல், அவருக்கு 58 வயதாகும் ஆண்டில். நோபல் பரிசு வந்தபோது அவருக்கு 97!

ஆனால் சார்ஜில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறானே ஒருவன், அவனைத் துணிச்சல்காரன் என்று நினைத்துவிடாதே. அவன் சோம்பேறி. நீ பக்கத்தில் உட்கார். மெத்தைமேல் வேண்டாம், வெறும் தரையில் வை. பறந்து வந்த சூடு ஆறட்டும். உப்பிப்போன பேட்டரி என்றால் இரக்கமே வேண்டாம், ஒதுக்கு. நாலு ஒயர் கொண்ட அந்தச் சின்ன வெள்ளைப் பிளக்கையும் மறக்காதே. மூன்று செல்லையும் ஒரே மட்டத்தில் கொண்டுவருவது அதுதான். சார்ஜரில் செல் எண்ணிக்கை மூன்றுதானா? இன்னொரு முறை பார்.

இப்போது பொத்தானை அழுத்து. கை நடுங்குகிறதா? நடுங்கட்டும், அழுத்து! திரையில் 3.84, 3.85, 3.84 என்று எண்கள் ஊர்வதைப் பார். கடைசி இரண்டு புள்ளிக்கு ரொம்ப நேரம் எடுக்கும். நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைச் சார்ஜர் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு 4.20, 4.20, 4.20. ஒரு 'பீப்'.

நாளை விடியலில், காற்று எழும்புமுன் மைதானத்தில் இரு. மழை வந்து கெடுத்தால்? நிரம்பிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விடாதே, செல்லுக்கு 3.8 வரை இறக்கி வை. மறுபடி ஏற்றத்தான் உனக்குத் தெரியுமே!