பட்டன் தேயாத டயர்

பழைய சொகுசுக் கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் டயரில் வந்துதான் நிற்கும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பெருமைக்கான பேச்சு. டயர் கவலைக்கான பேச்சு. என்ன கம்பெனி போட்டிருக்கீங்க, என்ன விலை சொன்னாங்க, எத்தனை வருஷம் ஆச்சு என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புகளுக்கு நடுவே நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: “பட்டன் அப்படியே இருக்குதுங்க. வண்டிய நான் எடுக்கறதே இல்ல. எதுக்கு மாத்தோணும்?”

இப்படிச் சொல்பவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்தான் தன் வண்டியின் மேல் உயிரையே வைத்திருப்பவர். தூறல் போட்டால் வெளியே எடுக்க மாட்டார். கல்யாணத்துக்குக் கேட்டால் தர மாட்டார். ஆயுத பூஜையன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருமுனை வரை போய்த் திரும்பி, மறுபடி உறையைப் போட்டு மூடிவிடுவார். பிரியமான பொருளைப் பொத்தி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ரத்தத்தில் ஊறியது. கார் விஷயத்தில் மட்டுமல்ல. அந்த எண்ணத்தோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் நிற்பது 1996ஆம் வருஷத்து மெர்சிடிஸ் இ220. டபிள்யூ124 என்று தொழிற்சாலைக் குறியீட்டால் அறியப்படும் வரிசை. ஜெர்மனியில் 1984இன் கடைசியில் வெளிவந்தது. 1994இல் அந்த நிறுவனம் டாடாவின் டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்து, மறுவருஷம் புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் பாகங்களைப் பொருத்திக் கட்டி விற்கத் தொடங்கியது இந்த வண்டியைத்தான். அப்பா இதைப் புதிதாக வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் முடியாது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். ஒரு மில் குடும்பத்திடமிருந்து ஒரு டாக்டருக்குப் போய், அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது. மூன்றாம் கை.

மூன்றாம் கையாக வாங்கியவனுக்குத்தான் ஒரு சொகுசுக் காரின் உண்மையான விலை தெரியும். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கி, கடைசியில் ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கும் கீழே வந்துவிடுகிறது. ஸ்பேர் விலை மட்டும் இறங்குவதே இல்லை. முதல் முதலாளி எந்த வசதிக்குக் காசு கொடுத்தாரோ அந்த வசதி ஒவ்வொன்றையும் நல்லபடியாக வைத்திருக்கும் செலவு கடைசி முதலாளியின் தலையில் விழுகிறது. இந்த வரிசையில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. மேடுபள்ளத்தில் உடம்பு அலுங்காமல் போவது அதனால்தான். ஆனால் ஒவ்வொரு கையின் முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது நேராக வீசாமல், மூலைக்குப் போகும்போது நீண்டும் நடுவில் சுருங்கியும் கண்ணாடியில் நூற்றுக்கு 86 பங்கைத் துடைக்கும். அந்த அழகுக்குப் பின்னால் ஒரு பல்சக்கர ஏற்பாடு இருக்கிறது. கிரீஸ் காய்ந்தால் முனக ஆரம்பிக்கும். வாங்கும் வசதி ஒன்று, வைத்துக்கொள்ளும் வசதி வேறொன்று. முதலாவது ஒருநாள் கைக்காசு. இரண்டாவதற்குக் காசும் வேண்டும், அதைவிட அதிகமாகக் கவனம் வேண்டும்.

டயருக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதை மெனக்கெட்டு வாசிப்பவர்கள் குறைவு. எங்கள் வண்டிக்கு 195/65 ஆர்15. அது கொடுப்பினை. அதே அளவை முதல் தலைமுறை ஆக்டேவியா உட்படப் பல கார்களுக்குப் போட்டார்கள், அதனால் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எண்பதுகளின் சில ஐரோப்பியக் கார்களுக்கு மிஷ்லினின் டிஆர்எக்ஸ் ரகம் மட்டுமே பொருந்தும். அந்த ரிம்முக்கு 390 மில்லிமீட்டர் என்று அங்குலக் கணக்கில் சேராத அளவு. அதை வைத்திருப்பவர்கள் படும் பாடு தனிக் கதை. அளவுக்குப் பக்கத்தில் 91வி என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. இன்னும் சற்றுத் தள்ளி, ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் அந்த டயர் பிறந்தது. பட்டனைத் தடவிப் பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷத்தில் மாற்றிவிடச் சொல்கிறது மெர்சிடிஸ் கையேடு. எந்த நிலையிலும் பத்து வருஷத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது மிஷ்லின்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய விஷயம் விளங்கியது. ரப்பருக்கு எதிரி காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும். அதனால் டயர் செய்யும்போதே ரப்பரோடு மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் சில வேதிப்பொருள்களையும் கலந்துவிடுகிறார்கள். சக்கரம் உருண்டு, ரப்பர் வளைந்து நிமிரும்போது, அவை உள்ளேயிருந்து மேலே கசிந்து வந்து ஒரு மெல்லிய காப்பாகப் படிகின்றன. வண்டி நின்றுகொண்டே இருந்தால் அந்தக் கசிவு சரியாக நடப்பதில்லை. மேல்பரப்பு வறண்டு, பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் விடுகின்றன. டயருக்கான மருந்து டயருக்குள்ளேயே இருக்கிறது. ஓடினால்தான் அது வெளியே வரும்.

அதற்குப் பிறகு வண்டியின் மற்ற உறுப்புகளையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஏசி கம்ப்ரசரின் சீலை ஈரமாக வைத்திருப்பது கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய். போடாமலே வைத்திருந்தால் சீல் காய்ந்து கேஸ் கசிகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. ஓடினாலும் நின்றாலும் குடிக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கே 155க்கு இறங்கிவிடுகிறது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் கொதிக்கும். அந்த நேரத்தில் மிதி பஞ்சாக உள்ளே போனால், ஷெட்டில் பளபளவென்று நின்ற அழகு என்ன உதவி செய்யும்? வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் உதவாது. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் அணைத்தால் உள்ளே வியர்த்த நீர் ஆவியாகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். எங்கள் மெக்கானிக் அண்ணன் இதை இரண்டே வரியில் சொல்வார்: “ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஓட்டுங்க. ஓட்ட முடியலீன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.”

அப்படி ஓட்டியே காட்டியவர் கிரேக்க நாட்டில் தெசலோனிகி நகரத்து டாக்சிக்காரர் கிரிகோரியோஸ் சகினிடிஸ். அவரிடம் இருந்த 1976ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 240டி 46 லட்சம் கிலோமீட்டரை எட்டியது. மாற்று எஞ்சின் வைத்துக்கொண்டு, ஒன்று பழுதுக்குப் போனால் இன்னொன்றைப் பூட்டி, சவாரியை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். 2004இல் அந்தக் கார் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் காரை யாரும் பொத்தி வைக்கவில்லை. அது குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் என்பதால், சின்னச் சத்தத்துக்கும் அவர் காது கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. தினமும் தேவைப்படுகிற பொருளைத்தான் மனிதன் தினமும் கவனிக்கிறான். உறை போட்டு மூடிய வண்டியில் எது கசிந்தாலும் எது இறுகினாலும், அடுத்த ஆயுத பூஜை வரை யாருக்கும் தெரியாது.

ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில உறுப்புகள் ஓடினாலும் நின்றாலும் கெடும். தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த இந்த வரிசைக் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஒயர்களின் மேலுறை வெப்பத்தில் பொடிந்து உதிர்வது உலகமெங்கும் அறிந்த பலவீனம். அங்கே கவனத்தால் ஆகக்கூடியது முன்கூட்டியே பார்த்து மாற்றுவது மட்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களுக்கும் கேஸ்கெட்டுகளுக்கும் அது புதுச் சோதனை. சட்டமும் இந்த வயதைக் கண்டு முகம் சுளிக்கிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். 50 வருஷம் ஆகிவிட்டால் அதே வண்டி பாரம்பரிய வாகனம் என்று தனிப் பதிவெண்ணோடு மரியாதை பெறுகிறது. 15க்கும் 50க்கும் நடுவில் இருக்கும் நீண்ட காலம் யாருக்கும் பிடிக்காத காலம். புதுசும் இல்லை, புராதனமும் இல்லை. புகை கக்கும் வண்டியை ரோட்டில் விடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கண்டம் பண்ணிவிடுவதே நியாயம். ஆனால் எதை நிறுத்துவது என்பதை வண்டியின் நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பிறந்த தேதியை மட்டும் பார்த்து அல்ல.

வயதானவர்களிடமும் நாம், வண்டியைப் பொத்தி வைக்கும் அதே பிரியத்தோடுதான் நடந்துகொள்கிறோம். “நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று கையில் இருப்பதை வாங்கிவிடுகிறோம். காய் நறுக்கவிடுவதில்லை, கடைக்குப் போகவிடுவதில்லை, பேங்க் புத்தகத்தைக்கூட நாமே வைத்துக்கொள்கிறோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவரை டாக்டர்கள் இப்போது மறுநாளே எழுப்பி நிற்கவைக்கிறார்கள். படுத்தே இருந்தால் தசை கரைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் அந்த அறிவு நமக்கு வருவதில்லை. உட்காரவைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம்.

பட்டறையைக் கொடுத்துவிட்ட பிறகு அப்பாவும் அப்படி உட்காரவைக்கப்பட்டிருக்கலாம். கண்ணில் நீரழுத்தம் வந்து பக்கப் பார்வை குறைந்ததும் சாவியை என் கையில் கொடுத்தது அவரேதான். “சைடுல வர்ற டூ-வீலர் தெரியல கண்ணு. இனி நீ ஓட்டு” என்றார். அதில் வாதாட எதுவுமில்லை. அடுத்தவன் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் ஓட்டுவது ஒன்று மட்டும்தான் அவரிடமிருந்து போன வேலை. மற்றதெல்லாம் இன்னும் அவருடையது. காலையில் சக்கரம் சூடேறும் முன்பே காற்று அளந்து பார்ப்பது, எந்தக் கிலோமீட்டரில் என்ன மாற்றினோம் என்று கணக்கு நோட்டில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை அவிநாசி வரை போய் வரும்போது பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்பது. இடது பின்பக்கம் புஷ் போய்விட்டது என்று எனக்கு முன்பே சொன்னவர் அவர். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, “அய்யா சொன்னதுதாங்க” என்றார். நாற்பது வருஷம் லேத்தின் பக்கத்தில் நின்ற காது அது. அந்தக் காதுக்கு வேலை கொடுக்காமல், பாவம் வயசாச்சு என்று விட்டிருந்தால் அந்தத் திறன் எங்கே போயிருக்கும் என்று சில சமயம் யோசிக்கிறேன்.

வயதான ஒன்றை, பொருளோ உறவோ, வைத்துக் காப்பது என்றால், இன்னும் எந்த வேலை அதற்கு உரியது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த வேலையை விடாமல் கொடுப்பது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பழையபடி எல்லாவற்றையும் செய்யச் சொல்வது கொடுமை. எதையும் செய்ய வேண்டாம் என்பதும் கிட்டத்தட்ட அதேதான். எங்கள் வண்டியை நான் நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் அழுத்துவதில்லை. ஆனால் வாரம் தவறாமல் எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுகிறேன். மழையிலும் எடுக்கிறேன். வைப்பர் மழையில்தானே வேலை செய்ய வேண்டும்?

இப்போது போட்டிருக்கும் டயர்களுக்கு இந்தச் சித்திரையோடு ஆறு வருஷம் ஆகிறது. பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. நண்பர்கள் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம் என்கிறார்கள். நாங்கள் நான்கையும் மாற்றப் போகிறோம். கடைக்கு அப்பாவும் வருகிறார். போனமுறை கடைக்காரர் எடுத்து வந்த டயர்களை உருட்டி உருட்டி, பூதக்கண்ணாடி வைத்து வார எண்ணைப் படித்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுத்துவரச் சொன்னவர் அவர். என்ன கம்பெனி என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. சத்தம் குறைவான டயர் வேண்டும் என்பது என் கட்சி. “நம்ம ரோட்டுக்குச் சைடுவால் தடிமனா இருக்கோணும், சத்தத்த வெச்சு என்ன பண்றது” என்பது அவர் கட்சி. கடையில் போய்த்தான் பேசி முடிக்க வேண்டும்.