காணாத உயிர்க்கும் நாம் கடமைப்பட்டவரோ?

வியாழனை ஏறத்தாழ எட்டாண்டுகள் சுற்றிவந்த கலிலியோ விண்கலத்தை, 2003 செப்டம்பர் 21ஆம் நாள், அதனை ஏவியோரே அக்கோளின் வளிமண்டலத்துள் வீழ்த்தி அழித்தனர். எரிபொருள் தீரும் நிலையில் இருந்த கலம், கட்டுப்பாடிழந்து, என்றேனும் யூரோப்பா என்னும் நிலவின்மீது மோதக்கூடும்; பனிப்படலத்தின்கீழ் உப்புக்கடல் உண்டெனக் கருதப்படும் அந்நிலவில் புவியின் நுண்ணுயிர்கள் குடியேறிவிடக்கூடும் என்பதே அவர்தம் அச்சம். 2017இல் காசினிக் கலமும் இத்தகைய காரணத்தாலேயே சனிக்கோளில் வீழ்த்தப்பட்டது.

பிற கோள்களைத் தீங்குற மாசுபடுத்தலாகாது என்பது 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் விதி. நாம் கொண்டுசென்ற கிருமியையே கண்டு, புதிய உயிரென மயங்கலாகாது என்பர் அறிவியலார். தக்க காரணமே, எனினும் அஃது ஆய்வாளரின் நலம் நாடும் காரணம். அங்கு உண்மையிலேயே உயிர் இருப்பின், அதன் நலம் நாடுவோர் யாவர்? ஆய்வு முடிந்தபின் அது அழிந்தொழியலாமோ?

வெறும் கிருமிக்கு இத்துணைப் பரிவா என மாணவர் வினவுவர். வினவட்டும், நல்ல வினாவே. நோய்க்கிருமியை நாம் கொல்வது தற்காப்பு. யூரோப்பாவில் உயிர் இருப்பின், அது நமக்கு யாதொரு தீங்கும் இழைத்ததன்று; அதன் வாயிலுக்கு அழையாது செல்வோர் நாமே.

2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் கலம் அக்கடலை மாசுபடுத்தும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றினும் குறைவாக இருத்தல் வேண்டும் என வரையறுத்தனர். கவனமான அளவுதான். ஆயினும் அதனை வகுத்தோர் அனைவரும் இடர் தருவோரின் பக்கத்தவர். இடருறக்கூடியவற்றுக்கோ அந்த அவையில் வாயில்லை. பனியைத் துளைத்துக் கடலுள் இறங்கும் கலம் ஒன்று பின்னாளில் புறப்படுமாயின், அவ்வளவை இன்னும் இறுக்குதலே முறை. அதனால் பயணம் பத்தாண்டு தாழ்ப்பினும் தாழ்க்கட்டும்.