இருநூறு கிராம் மன்னிப்பு

எடை குறைவாக இருப்பது எப்போதுமே நல்லதா?

உடனே 'ஆமாம்' என்று தலையாட்டாதீர்கள். செல்போன், சூட்கேஸ், மூக்குக்கண்ணாடி, மனசு என்று எல்லாமே லேசாக இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். கனம் என்பதே ஒரு கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. இந்த வாரம் ஒரு சைக்கிள் பாகத்தை வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

பாகத்தின் பெயர் க்ராங்க் செட். பெடல் மாட்டும் இரண்டு கைகள், நடுவே ஓர் அச்சு, செயின் ஓடும் பல்சக்கரம். பழைய கறுப்பு சைக்கிளில் இது இரும்பு. காட்டர் பின் தளர்ந்தால் 'டக் டக்' என்று சத்தம் போட்டுத் தெருவுக்கே சொல்லிவிடும். இன்றைய மலை சைக்கிள்களில் பெரும்பாலும் அலுமினியம். காசும் ஆசையும் சேர்ந்தால் கார்பன்.

மலை சைக்கிள் பிறந்த கதையில் எடைக் கவலை கிடையாது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் சில இளைஞர்கள், பழைய பலூன் டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோ. 1976 அக்டோபரில் அது பந்தயமானது. இரண்டு மைலுக்குள் 1,300 அடி இறக்கம். பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளே. கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். அந்தக் கிழட்டு ஃபிரேம்களும் வளைந்தன, உடைந்தன. ஜோ ப்ரீஸ் என்பவர் 1977ல் இதற்கென்றே புது ஃபிரேம் செய்தார். ஆக, முதலில் தேடியது உடையாத சைக்கிளை. லேசான சைக்கிள் என்பது பின்னால் வந்த ஆசை.

அந்த ஆசை இப்போது கிராம் கணக்குக்கு வந்துவிட்டது. நல்ல கார்பன் க்ராங்க் செட் சுமார் 450 கிராம். நடுத்தர அலுமினியம் 650. வித்தியாசம் 200 கிராம். அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். இதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு சாதாரண சைக்கிளே வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடலாம்.

கணக்குப் போடலாமா? நீங்கள் 75 கிலோ, சைக்கிள் 12, தண்ணீர், பை, ஷூ எல்லாம் 3. மொத்தம் 90 கிலோ. இதில் 200 கிராம் என்பது 450ல் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் விடாமல் மேடு ஏறினால் மிச்சமாவது அதிகபட்சம் 8 விநாடி. உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்க நிற்பீர்களே, அதற்கே இதைவிட அதிகம் ஆகும். 'சுற்றும் பாகமாச்சே, அதில் எடை குறைந்தால் இரட்டை லாபம்' என்பார்கள். நம்பாதீர்கள். சக்கரத்தின் விளிம்பு வேகமாகச் சுற்றுகிறது. அங்கே கொஞ்சம் பொருந்தும். க்ராங்க் நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்றுதான். அதன் கையும் வெறும் ஒரு சாண் நீளம்.

சரி, அந்த 200 கிராம் எங்கேதான் போயிற்று?

கார்பனுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். அது சவலைப் பிள்ளை இல்லை. தலைமுடியைவிட மெல்லிய இழைகளை, விசை எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையில் பரப்பி, பிசின் ஊற்றி இறுக்குகிறார்கள். பெடல் மாட்டும் இடத்தில் ஓர் உலோகத் துண்டு ஒட்டியிருக்கும். மிதித்து மிதித்து அலுமினியம் களைத்துப் போகும். ஒழுங்காகச் செய்த கார்பன் அவ்வளவு லேசில் களைக்காது. எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்த அளவில் வரும் விசைக்கு அது மகா கெட்டி.

சிக்கல், எதிர்பாராததில். மலைப்பாதையில் கல் அடிக்கும். அலுமினியத்தில் நசுங்கல் விழும், கீறல் தெரியும். பல சமயம் கொஞ்சம் வளைந்து 'என்னைப் பார்' என்று சொல்லும். கார்பனில் மேலே பெயின்ட் மட்டும் பெயர்ந்திருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அது முகம் சுளிக்காது. பிறகு ஒரு நாள், நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது, வளைந்து காட்டாமல் ஒரேயடியாக விட்டுவிடும். அதனால்தான் க்ராங்க் முனைகளுக்கு ரப்பர் உறை போட்டு விற்கிறார்கள்.

இதைக் கார்பனின் குற்றம் என்று எழுதிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. 2023 செப்டம்பரில் ஷிமானோ நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம் க்ராங்க் செட்டுகளைப் பரிசோதனைக்குத் திருப்பி அழைத்தது. சாலை சைக்கிளுக்கானவை. அலுமினியம்தான், இரண்டு துண்டுகளை ஒட்டி, உள்ளே கூடாக வைத்துச் செய்தவை. ஒட்டு பிரிந்ததாக 4,519 புகார்கள், ஆறு பேருக்குக் காயம். அலுமினியமா கார்பனா என்பதைவிட, எடை குறைக்க எந்த இடத்தைக் காலி செய்தோம் என்பதுதான் கேள்வி.

வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். இறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். நாம் அந்த வண்டியை இன்னொரு பக்கத்திலிருந்து அணுகுகிறோம். சுமை அப்படியே இருக்கட்டும், அச்சை இளைக்க வைப்போம் என்கிறோம்!

பொருள்களில் இருக்கும் 'தேவைக்கு மேற்பட்ட' எடையை நான் மன்னிப்பு என்று சொல்வேன். நீங்கள் இன்னும் செய்யாத தவறுக்கு, கம்பெனி முன்கூட்டியே வைத்துவிட்ட மன்னிப்பு. போல்ட்டைக் கொஞ்சம் அதிகம் முறுக்கிவிட்டீர்களா, கல்லில் தட்டிவிட்டீர்களா, இரண்டு வருஷம் திரும்பியே பார்க்கவில்லையா? பரவாயில்லை என்று அந்தக் கூடுதல் கனம் சொல்கிறது. 200 கிராம் குறைத்தால் குறைவது இந்தப் பரவாயில்லைகள்தான்.

அப்படியானால் பந்தய வீரன் வாங்கலாமா? தாராளமாக. அவனுக்கு 8 விநாடியில் பதக்கம் இருக்கிறது. ஓட்டம் முடிந்ததும் கழற்றிப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். அங்கேயும் ஒரு எல்லை தேவைப்பட்டது. சாலைப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000 முதல் விதி வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒருவர் குறைக்க, எல்லோரும் குறைக்க, கடைசியில் யாருக்கும் லாபமில்லாமல் எல்லோரும் முட்டை ஓட்டின் மேல் சவாரி செய்துகொண்டிருப்பார்கள்.

கீத் போன்ட்ரேகர் என்ற கலிஃபோர்னியா சைக்கிள் வடிவமைப்பாளர் பெயரில் ஒரு கருத்து உலவுகிறது. உறுதி, எடைக் குறைவு, மலிவு, இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்குமாம். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: கவனம். லேசான பொருளை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. மாதா மாதம் கவனம் என்ற தவணை கட்ட வேண்டும்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: என்ன வகை ஓட்டத்துக்கு, எத்தனை கிலோ ஆளுக்கு என்று தயாரித்தவர் சொல்லியிருப்பதைப் படியுங்கள். குதித்துக் குதித்து இறங்குகிற ஆசாமி என்றால் நல்ல அலுமினியமே போதும். அதன் உயர்ந்த ரகங்கள் 500 கிராமைக் கொஞ்சம்தான் தாண்டுகின்றன. கார்பன்தான் வேண்டும் என்றால் டார்க் ரென்ச் இல்லாமல் முறுக்காதீர்கள். பெடல் மாட்டும் துண்டு ஆடுகிறதா, புதிதாகச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பலமாக அடிபட்டால், 'ஒண்ணும் ஆகலை' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஆசைப்பட்டு வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. உங்கள் காசு, உங்கள் கால். முறிந்தால் விழப் போவதும் நீங்கள்தான். அதுவரை இது ரசனை விஷயம்.

நியாயம் அநியாயம் என்பது விற்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. போன வருஷம் பாறையில் பலமாக ஓர் அடி. மேலே சின்னக் கீறல்தான். ஸ்டிக்கர் ஒட்டினால் மறைந்துவிடும். வாங்க வருகிறவன் இருபது வயதுப் பையன். பளபளப்பைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டான். அவன் 'அடிபட்டிருக்கா அண்ணா?' என்று கேட்கவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. அந்தப் பொருள் உள்ளே வைத்திருக்கும் ரகசியம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மௌனமாக இருப்பதில் கார்பனும் நீங்களும் கூட்டாளிகள். அவன் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் அந்த நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

விற்கும்போது அந்தப் பாறையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அவன் பேரம் பேசுவான், விலை குறையும், வாங்காமலே போனாலும் போவான். போகட்டும். குறைத்தே ஆக வேண்டிய கனம் என்று ஒன்று உண்டென்றால், அது இதுதான்.