சிவப்பு வந்தால் எங்கே போவது?

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மழை அடித்துப் பெய்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலும் கூடவே வரும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. எங்கே போவது என்பது மட்டும் அதில் இல்லை.

அப்பால் ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு அதே நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். காணாமற்போனோர் தொகை முதலில் நூறுகளில் பேசப்பட்டு, பிறகு பத்துகளுக்கு இறங்கியது. கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கழிவும் பிடிக்கிற தோட்டத்தில் ஆள்கணக்கு இப்படி.

சொன்னோம், அவர்கள் போகவில்லை என்றது அதிகாரத் தரப்பு. நிலம் அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. லயத்தில் பிறந்து லயத்தில் சாகிறவருக்கு அதன் கூரைத்தகடுகூடச் சொந்தமில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் விழாது, கூலியும் இல்லை. இவர் எந்தக் காணிக்குப் பெயர்வது? சரிவுக்குப் பிறகு காணி கிடைத்தது. 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகளும் எழுந்தன. மண்சரிவுக்கு முந்திய ஒன்பது வருடமும் அந்தக் காணி எங்கேயோ போயிருந்ததாக்கும்.

எழுதி அனுப்பியதோடு கடமை முடியும் பழக்கம் மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு முன், இந்தியா தந்த தகவல் இரண்டு வாரத்துக்கு மேல் கொழும்பின் மேசைகளில் கிடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தகவலைப் பெற்ற அதிகாரிகளோடு முன்னாள் ஜனாதிபதியையும் பொறுப்பாக்கி, அவரை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தச் சொன்னது. அங்கே, கடிதத்தை வாங்கி வைத்திருந்தவர்களிடம் கணக்குக் கேட்கப்பட்டது. மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களிடம்.

2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மலையகம் மறுபடி சரிந்தது. தமிழில் எச்சரிக்கை பிந்தியது என்ற முறைப்பாடும் எழுந்தது. நியாயமான முறைப்பாடுதான். ஆனால் எச்சரிக்கை நல்ல தமிழில், நேரத்துக்கு வந்திருந்தாலும், அது அனுப்பக்கூடிய இடம் பக்கத்துப் பாடசாலை மண்டபம். மழை விட்டால் பாடசாலை திறக்க வேண்டும். ஆட்கள் லயத்துக்குத் திரும்புவார்கள். நிலைமை வழமைக்குத் திரும்பியதாக அறிக்கை போகும்.