காவலும் வாய்மையும்

வீட்டிற்குக் கதவு உண்டு. கதவிற்குத் தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் இன்று நாட்டின் வாசல்கள் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்சாரம், வங்கி, இரயில், மருத்துவமனை ஆகிய யாவும் கணினியை நம்பி நிற்கின்றன. எல்லையைக் கடவாமலேயே பகைவன் இவற்றினுள் நுழைந்துவிடலாம். இதனை எதிர்கொள்ள நம் உளவு, பாதுகாப்பு அமைப்புகள் ஆயத்தமாய் உள்ளனவா? இக்கேள்வி பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று.

நம் தமிழகத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் நச்சுநிரல் புகுந்துள்ளதாக இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' எச்சரித்தது. மக்கள் அதனை அறியவில்லை. அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்தபோது, 29 அன்று நிலையத்தார் அதனைப் பொய்ச்செய்தி என மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், நச்சுநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான கணினி என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனித்திருப்பதால் பாதிப்பில்லை என்றும் விளக்கிற்று.

விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆயினும் தனித்திருத்தல் மட்டுமே காவலாகாது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்திலும் கணினிகள் இணையத்தினின்று பிரிக்கப்பட்டே இருந்தன; எனினும் 2010-இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' அவற்றுள் புகுந்து எந்திரங்களைச் சிதைத்திருந்தது.

உண்மையைச் சொன்னால் பகைவன் பயனடைவான், மக்கள் பீதியடைவர் என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் எளிதாய்த் தள்ளிவிட இயலாது. எல்லாவற்றையும் எல்லார்க்கும் சொல்லும் கடமை எவர்க்கும் இல்லை. ஆனால் மறைபொருளைக் காப்பது வேறு, நிகழ்ந்ததை இல்லையென்பது வேறு என அறநெறி இறையியல் நமக்குக் கற்பிக்கிறது. "ஆராய்கிறோம்; இப்போது விவரம் கூற இயலாது" என்பது மௌனம். "நிகழவேயில்லை" என்பது பொய். முன்னது நம்பிக்கையைக் காக்கும். பின்னது அதனைக் கொல்லும்.

வள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கண்காணிக்கப்பட வேண்டியோரை அடுக்குகையில், பகைவர்க்கு முன்பாகத் தம் வினை செய்வாரையே அவர் வைத்தார். வெளியே நோக்கும் கண், தன் இல்லத்தின் ஓட்டையையும் காண வேண்டுமன்றோ!

2022-இல், கணினி ஊடுருவல்களை 6 மணி நேரத்திற்குள் தனக்கு அறிவிக்க வேண்டுமென 'செர்ட்-இன்' ஆணையிட்டது. இது நல்ல ஆயத்தமே. ஆனால் 2023-இல் அவ்வமைப்பே தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்பினின்று பெரிதும் விலக்கப்பட்டது. தகவல் மேல்நோக்கி விரைகிறது. கீழ்நோக்கி வர வழி குறுகுகிறது.

தகவல் வந்து சேராமையின் விலையைக் கடலூர்க் கரை அறியும். 2004 டிசம்பர் 26 காலையில், சுமத்ராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே தேவனாம்பட்டினத்தில் அலை எழுந்தது. இடைப்பட்ட பொழுதில் நம் மீனவ மக்களை எச்சரிக்க எவரும் இல்லை. அன்று கேடு பொய்யால் விளையவில்லை. செய்தி மக்களை எட்டும் வழி இல்லாமையால் விளைந்தது. அவ்வழி இருந்தும், நேற்றுப் பொய்யுரைத்த வாய் இன்று "ஓடுங்கள்" எனக் கூவினால் யார் நம்புவர்?

ஆகவே, மக்கள் நம்பத்தக்க சொல்லும் நாட்டின் படைக்கலன்களுள் ஒன்றே. அது ஆபத்து நாளில் அவசரமாய்ச் செய்துகொள்ளக் கூடியதன்று. அமைதி நாள்களில், தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவால் சிறுகச் சிறுகச் சேர்ப்பது. ஆள்வோரிடம் இதனைக் கேட்கும் நாம், நம் இல்லங்களிலும் பணியிடங்களிலும் பங்குகளிலும் இதனைப் பழகுகிறோமா?