அறிந்து கட்டும் பந்தயம்

2023ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் பிரம்மதேசத்தில் ஒரு நிக்காஹ். விருந்து முடிந்து, அஸர் தொழுதுவிட்டுப் பந்தலில் அமர்ந்திருந்தோம். சட்டம் பயிலும் என் தங்கை மகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தான். கடந்த ரமலானில் தான் நாலாயிரம் ரூபாய் ஈட்டியதாக அவன் சொன்னபோது முதலில் மகிழ்ந்தேன். பிள்ளை படித்துக்கொண்டே ஏதோ வேலையும் பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். எப்படி ஈட்டினாய் என்று கேட்ட பிறகுதான் செய்தி வெளிவந்தது. அமெரிக்காவில் நடந்த கோல்ஃப் போட்டி ஒன்றில், தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட நேரத்தில், கைப்பேசி வழியே பந்தயம் கட்டியிருக்கிறான்.

கோல்ஃப் திடல் ஒன்றை அவன் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டான். "இது சூதல்ல மாமா" என்றான். "நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. படித்துப் பார்த்துக் கட்டினேன். அறிந்து செய்வது எப்படிச் சூதாகும்? உச்ச நீதிமன்றமே 1996இல் அப்படித்தானே சொல்லியிருக்கிறது?"

அவன் கேட்டதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அது அவன் ஒருவனுடைய கேள்வியன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வாய்விட்டுக் கேட்காமல் உள்ளத்துக்குள் விடை சொல்லிக்கொண்டுவிட்ட கேள்வி அது. அறிவு கலந்துவிட்டால் சூது சூதாக இல்லாமற் போய்விடுமா?

அவன் சொன்ன போட்டியை நானும் பின்னர் விசாரித்து அறிந்துகொண்டேன். கோல்ஃப் பெரும்பாலும் நான்கு நாள்கள், 72 குழிகள் ஆடப்படுவது. மொத்தத்தில் எவர் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். 'மேட்ச் ப்ளே' என்னும் முறை வேறு. அங்கே இருவர் நேருக்கு நேர் மோதுகின்றனர். ஒவ்வொரு குழிக்கும் தனி வெற்றி, தனித் தோல்வி. ஒரு குழியில் பத்து முறை அடித்துத் தடுமாறினாலும் போவது அந்த ஒரு குழிதான். ஒரே நாளில் 18 குழிகளுக்குள் முடிந்துவிடும் இத்தகைய மோதலில், நான்கு நாள் ஆட்டத்தில் தோற்காத வல்லவரும் தோற்றுவிடுவார். 2023 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 64 பேர் ஆடிய போட்டியில் அப்படித்தான் ஆயிற்று. உலக வரிசையில் முதலிடத்தில் இருந்தவரும் முந்திய ஆண்டில் அப்போட்டியை வென்றவருமான ஸ்காட்டி ஷெஃப்லர், அரையிறுதியில் சாம் பர்ன்ஸிடம் 21 குழிகள் வரை போராடித் தோற்றார். இத்தகைய போட்டி தொடங்குமுன் முன்னோட்டம் எழுதுவோர் பலர் உளர். யார் யாரை எதிர்கொள்கிறார், காற்று எப்படி, புல் எத்தகையது, சென்ற மாதம் யார் எப்படி ஆடினார் என்றெல்லாம் ஆராய்ந்து, 'இவர் மேல் கட்டலாம்' என்று முடிப்பார்கள். இவற்றையெல்லாம் ஒரு தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்து, பர்ன்ஸின் மேல் கட்டியிருக்கிறான் நம் பிள்ளை.

அவன் எடுத்துக்காட்டிய தீர்ப்பு நம் சென்னையிலிருந்தே பிறந்தது. கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1986இல் பந்தயக் கழகத்தையே எடுத்துக்கொள்ளவும் ஒரு சட்டம் வந்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்றும், குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை ஆய்ந்து கட்டப்படும் பணம் வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் கட்டுவதாகாது என்றும் கூறிவிட்டது. 1957 முதலே நம் நீதிமன்றங்கள் பிடித்து வந்த கோடு இதுதான்: திறமை மிகுந்தால் விளையாட்டு, வாய்ப்பு மிகுந்தால் சூது.

சட்டம் படிக்கிறவனுக்கு இந்தக் கோடு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் மார்க்கம் கோட்டை இந்த இடத்தில் போடவில்லை. போட்ட இடம் வேறு.

வாய்ப்பு என்பதே குற்றம் என்று இஸ்லாம் கருதியிருந்தால், சீட்டுக் குலுக்கலை அது ஒருபோதும் அனுமதித்திராது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. பயணம் புறப்படும்போது தம் துணைவியருள் யாரை உடனழைத்துச் செல்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததாக ஹதீஸ் உண்டு. நாங்கள் அமர்ந்திருந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்துப் பிரம்மதேயங்களின் நினைவைத் தாங்கி நிற்கும் பெயர் அது. அத்தகைய ஊர்ச் சபைகளுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததை முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) விரிவாகக் கூறுகின்றன. குடத்துக்குள் ஓலை, கையை விட்டு எடுக்க ஒரு சிறுவன். முழுக்க வாய்ப்புத்தான். ஆயினும் அதைச் சூதென்று எவரும் சொன்னதில்லை. ஓலை வராதவன் தன் பொருள் எதையும் இழக்கவில்லை.

மறுபுறம், திறமை குற்றத்தைப் போக்கிவிடும் என்றிருந்தால் நம் இமாம்கள் குதிரைப் பந்தயத்தைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கத் தேவையில்லை. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களே பந்தயம் நடத்தினார்கள். பயிற்றுவித்த குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை ஓடின. ஓட்டியவர்களில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றிலும் பரிசு வைத்துப் போட்டியிட இடமும் தந்தார்கள். ஆனால் ஃபிக்ஹு அறிஞர்கள் அதில் கேட்ட முதற் கேள்வி, பரிசுப் பணம் யாருடையது என்பது. ஆட்சியாளரோ மூன்றாமவரோ கொடுத்தால் ஆகும். போட்டியாளரில் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும். இருவரும் வைத்து, வென்றவன் தோற்றவனுடையதையும் எடுத்துக்கொள்வதானால், தானும் வெல்லக்கூடிய, ஆனால் பணம் எதுவும் வைக்காத ஒருவர் இடையே சேர்ந்தாலன்றி அது கிமார் - அதாவது சூது. குதிரையும் அதே குதிரை, ஓட்டுபவனின் திறமையும் அதே திறமை. மாறியது பணத்தின் பாதை ஒன்றுதான்.

இதைக் கேட்ட பிள்ளை, "அப்படியானால் வியாபாரமும் சூதுதானே? விவசாயமும்தானே?" என்று மடக்கினான். நல்ல கேள்வி. திண்டிவனத்துப் பக்கத்து மல்லாட்டைக்காரனை நினைத்துப் பார்த்தேன். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாடெங்கும் வழங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. மழை வருமா வராதா என்று அறியாமல்தான் அவனும் விதைக்கிறான். ஆனால் அவன் அறிந்ததும் கணித்ததும் சரியாகிவிட்டால், உலகத்தில் இதற்கு முன் இல்லாத ஒரு மூட்டை மல்லாட்டை பிறக்கிறது. அவன் தோற்றாலும் அந்தப் பணம் யார் மடியிலும் போய் விழுவதில்லை. நம் பிள்ளை பர்ன்ஸைச் சரியாகக் கணித்ததால் உலகில் ஒரு கடலைகூடக் கூடவில்லை. நாலாயிரம் ரூபாய் முகம் தெரியாத சிலர் பையிலிருந்து இவன் பைக்கு வந்தது, அவ்வளவே.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறும் அதிர்ஷ்டத்தால் ஆடும் சூதில் ஆடுகிற இருவரும் ஒரு வகையில் சமம், இருவருமே குருடர். படித்துக் கட்டுகிறவன் விவரம் தெரிந்தவன்; அவன் படிக்காதவனுடைய பணத்தை எடுக்கிறான். எதிரே இருப்பவன் அறியாமல் கட்டுகிறான் என்பதே இவனுடைய இலாபம். திறமை கூடக் கூட, ஏமாளியின் இழப்பு உறுதியாகிறது. அப்படியிருக்க, திறமை எப்படிக் குற்றத்தைக் குறைக்கும்? அது குற்றத்தைக் கூட்டுகிறது என்றே எனக்குப் படுகிறது.

நற்காரியத்துக்காகச் சூதாடலாமா என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அறியாமைக் காலத்து அரபியர் ஆடிய மைஸிரில் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளால் பங்கு குறித்தனர். வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டார்கள். அல்பகரா அத்தியாயம் அதில் மக்களுக்குச் சிறிது பயனும் உண்டு என்பதை மறுக்கவில்லை. பாவம் அதனினும் பெரிது என்று மட்டும் நிறுத்துகிறது. அல்மாயிதா அத்தியாயம் அதை முற்றாகத் தடுத்து, பகைமை வளர்வதையும் தொழுகை மறப்பதையும் காரணமாகக் காட்டுகிறது. 1968இல் தமிழக அரசு தொடங்கிய பரிசுச் சீட்டுக்கு, விழாவிட்டாலும் பணம் நாட்டுக்குத்தானே என்பதே சமாதானம். மைஸிர் ஆடியவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். 2003 ஜனவரியில் லாட்டரி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பின்னும் மறைவில் நடந்த மூன்று எண் லாட்டரியால் கடன்பட்டு, 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே குழந்தைகளோடு மாண்டுபோனதை இந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

முன்னோட்டம் எழுதுவோரைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வா, சூதாடுவோம் என்று தோழனை வாயால் அழைத்தவன்கூட அதற்காக ஒரு தர்மம் செய்ய வேண்டும் என்பது நபிமொழி. ஆடியவன் அல்லன், அழைத்தவன். அப்படியிருக்க, நாள்தோறும் ஆயிரக்கணக்கானவரை எழுத்தால் அழைப்பவன் எத்தனை தர்மம் செய்ய வேண்டியிருக்கும்? ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில் தவறில்லை. இன்னார் நன்றாக ஆடுகிறார் என்பது செய்தி. இன்னார் மேல் கட்டு என்பது அழைப்பு.

அவன் விடவில்லை. "உறுதியாகத் தெரிந்தே கட்டினால்?" என்றான்.

அப்படியும் ஒருவர் கட்டியிருக்கிறார், அவர் பெயர் அபூபக்கர் சித்தீக் (ரலி) என்றேன். பாரசீகரிடம் தோற்ற ரோமர் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வர் என்று அர்ரூம் அத்தியாயம் இறங்கியபோது மக்கத்துக் குறைஷியர் நகைத்தனர். அபூபக்கர் (ரலி) அவர்கள் ஒட்டகங்களைப் பணயமாக வைத்தார்கள். தவணையும் ஒட்டகங்களின் எண்ணிக்கையும் பின்னர் உயர்த்தப்பட்டன. எதிரே பந்தயம் கட்டியவன் உபை இப்னு கலஃப் என்பர் விரிவுரையாளர். சூது தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது அது. அவர் கட்டியது முன்னோட்டத்தை நம்பியன்று, வஹீயை நம்பி. மனிதன் பெறக்கூடிய அறிவில் அதைவிட உறுதியானது வேறென்ன? ரோமர் வென்றனர், ஒட்டகங்களும் வந்து சேர்ந்தன. அவற்றைத் தர்மம் செய்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு.

இந்த உரையாடலுக்குப் பின் உலகம் சற்று நகர்ந்திருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டென்று கூறி விலக்கியது. கிண்டிப் பந்தயத் திடல் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு இரத்து செய்து திடலைப் பூட்டியது. குத்தகைப் பாக்கிதான் காரணம், ஒழுக்கம் அன்று. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையாயினும் வாய்ப்பாயினும் இரண்டும் கலந்ததாயினும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் ஆகாது என்கிறது. 1957 முதல் பிடித்திருந்த கோட்டைச் சட்டமே ஓரிடத்தில் கைவிட்டது.

அன்று பந்தலில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சிறிது நேரம் அவன் பேசாமல் இருந்தான். பிறகு, "யாருடைய பணம் என்று தெரியாதே மாமா, யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்டான். உரியவர் யாரென்று தெரியாத பொருளை, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அறிஞர்கள் கூறும் வழி என்றேன்.

"நாலாயிரமும் இல்லை" என்றான். குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். புதுச் சட்டை. இந்த நிக்காஹுக்கென்று எடுத்தது.