பயப்படும் உரிமை

காட்டில் உயிர் தப்பிய கதை என்றால் எல்லோருக்கும் ஆசை. யானை துரத்தியது, கரடி எதிரே வந்தது, காட்டாறு திடீரென்று பெருகியது, வேரைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தோம். சொல்கிறவருக்குப் பெருமை, கேட்கிறவருக்குச் சிலிர்ப்பு. ஆனால் காட்டில் உயிர் தப்பிய எல்லோரும் கதை சொல்வதில்லை. சிலரால் அதை வெளியே சொல்லவே முடியாது. யாருடைய பயம் கதையாகிறது, யாருடைய பயம் வாய்க்குள்ளேயே செத்துப் போகிறது? இதை அறம் சார்ந்த கேள்வியாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அணைக்குக் கீழே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நெல் வயலும். அணைக்கு மேலே காடு. 1988இல் அந்த மலைத்தொடர் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். தோப்பும் வயலும் பெரும்பாலும் யாருடையவை, அதில் கூலிக்கு நிற்பவர்கள் யார் என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வேலை இல்லாத மாதங்களில் அந்தக் கூலிச் சனங்கள் அடுப்புக்கு எங்கே போவார்கள் என்பதையும்தான்.

விறகுக்குப் போய்வந்த பெரியம்மா ஒருத்தியிடம், யானையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் இப்படித்தான் வரும்: "பாக்காம என்னய்யா? ஓடைக்கு அங்கிட்டு நின்னுச்சு, நாங்க இங்கிட்டு நின்னோம். கட்டப் போட்டுட்டு ஓடியாந்தோம். மறுநா போயி அதே கட்டத் தூக்கியாந்தோம். அத யாருகிட்ட போயிச் சொல்ல? ஆன வெரட்டுச்சுன்னா, ஒனக்கு அங்க என்ன சோலின்னுல்ல கேப்பாக?" பேச்சு அதோடு முடிந்துவிடும். சிலிர்ப்பும் இல்லை, பெருமையும் இல்லை. ஏனென்றால் யானையிடம் தப்பிய கதையைச் சொன்னால், காட்டுக்குள் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருவருக்குச் சாகசம் ஆவது இன்னொருவருக்கு வாக்குமூலம் ஆகிறது.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790இல் வெளியிட்ட நூலொன்றில் உன்னதம் என்றால் என்ன என்று ஆராய்கிறார். இடி, எரிமலை, பொங்கும் கடல், செங்குத்துப் பாறை எல்லாம் அச்சம் தருபவை. ஆனால் நாம் பத்திரமான இடத்தில் நின்று பார்த்தால் அந்த அச்சமே ஈர்ப்பாக மாறும் என்கிறார். பயந்து நடுங்குகிறவனால் உன்னதத்தை ரசிக்க முடியாது. அதற்குப் பண்பட்ட மனம் வேண்டும் என்பது அவர் கட்சி. பனிமலைகளைத் தேடி வருகிறவர்களை முட்டாள்கள் என்று சொன்ன ஆல்ப்ஸ் மலை விவசாயி ஒருவனையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். விவசாயி நல்லவன்தான், விவரம் தெரிந்தவன்தான், ஆனால் பண்பாட்டுப் பயிற்சி இல்லாதவன் என்கிற தொனியில்.

அந்த விவசாயி பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். பனி சரிந்தால் அவன் மாடு சாகும், மகன் சாவான். அவனுக்குப் பத்திரமான இடம் என்று ஒன்று கிடையாது. காண்ட் பண்பாடு என்று எதைச் சொல்கிறாரோ அது ஒரு இடம். ஆபத்து வந்து தொட முடியாத இடம். அந்த இடம் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று கேட்காமலேயே அழகியல் பேச முடிந்திருக்கிறது.

நம்முடைய இலக்கணமும் லேசுப்பட்டதல்ல. இரவில் புலியும் யானையும் திரியும் மலைவழியே காதலியைத் தேடி வரும் தலைவனுக்குக் குறிஞ்சியில் எத்தனை பாட்டு! வழியின் ஆபத்தை எண்ணித் தோழி பதறுவது ஒரு துறையாகவே ஆகிவிட்டது. அதே இருட்டில், அதே வழியில் நடக்கிற அடியவர்க்கும் கூலியாளுக்கும் காதல் உண்டுதான், ஆனால் அன்பின் ஐந்திணைக்கு வெளியே போய் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டார் தொல்காப்பியர்.

ஆனாலும் அதே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், நான்காவதாகத் தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில், தன்னை ஆளுகிறவனையும் வரிசையில் நிறுத்திவிட்டார். சாகசக்காரர்கள் எழுதுகிற காட்டில் பெரும்பாலும் இரண்டாவது அச்சம்தான் இருக்கும். நம்மாட்கள் போகிற காட்டில் நாலும் இருக்கிறது. அதில் நான்காவதுதான் பெரிசு. விலங்கு துரத்தினால் ஓடி ஒளிய ஊர் இருக்கிறது. இறை துரத்தினால்?

வாச்சாத்தியைப் பாருங்கள். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. அன்றைக்கு ஆண்கள் பலர் மலைக்கு ஓடித்தான் தப்பினார்கள். காடு அவர்களைக் கடிக்கவில்லை; காப்பாற்றியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பரில்தான் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்தது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஒரு உயிர் தப்பிய கதையை உண்மை என்று ஒப்புக்கொள்ள முப்பத்தோரு வருஷம்.

இன்னொரு பக்கம் குரங்கணி. 2018 மார்ச் 11இல் போடிக்கு மேலே காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். அந்தச் சாவுகளை நையாண்டி செய்கிறவன் மனுசன் இல்லை. கமாண்டோக்களும் ஹெலிகாப்டரும் வருமுன்னே மலைக்கு ஏறி, எரிந்த உடம்புகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் உள்ளூர்ச் சனங்களும் இருந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம் என்று ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால் கவனியுங்கள்: ஆபத்தை ரசிக்கப் போகிறவருக்குக் கதவு, சீட்டு, துணைக்கு ஆள். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போகிறவளுக்கு அதே காட்டில் துணை என்ன, கதவு எங்கே? புலி பிழைக்க வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. காடு இல்லாவிட்டால் பிளவக்கலுக்குத் தண்ணீர் ஏது? பாதுகாப்பின் பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதுதான் தகராறு.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். சாகசக்காரன் தானாகத் தேர்ந்தெடுத்துப் போகிறான், அதனால் அது வீரம். விறகுக்காரி வேறு வழியில்லாமல் போகிறாள், அது வெறும் கட்டாயம். கட்டாயத்தில் வீரம் ஏது என்பார்கள். இந்த வாதம் தேர்வு செய்யும் வசதி உள்ளவனுக்கே வீரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. நேற்று யானையைப் பார்த்த ஓடைக்கு இன்று மறுபடி போகிறவள் பயத்தோடுதான் போகிறாள். வீட்டில் பசித்த வாய்களை எண்ணிப் போகிறாள். பயத்தைத் தெரிந்து, யாருக்காகவோ அதைத் தாண்டுவது வீரம் இல்லையென்றால் வேறு எது வீரம்?

ஆனால் நம்மை வீரர்கள் என்று புகழ்வதிலும் ஒரு சூது இருக்கிறது. இதை நாம் சீக்கிரம் கண்டுகொள்ள வேண்டும். ராத்திரியில் சுடுகாட்டில் பிணத்தோடு நிற்க வேண்டுமா? "அவனுக்குத்தான் பயமே கிடையாதே." பன்றி வரும் தோப்பில் தனியாகக் காவல் கிடக்க வேண்டுமா? "நீ தைரியசாலில்லடா." விஷவாயு நிறைந்த குழிக்குள் இறங்க வேண்டுமா? கையில் குவார்ட்டரைக் கொடுத்து, "ஒனக்கென்னடா பயம்." மலம் அள்ளுவதற்கு மனிதரை வைக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் குழிச் சாவுகள் நிற்கவில்லை. பயமில்லாதவன் என்ற பட்டத்தைச் சாதிதான் கொடுத்தது, தன் ஆபத்துகளை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டும் என்பதற்காக. பயப்படத் தெரியாதவன் என்றால் அவனுக்குக் கையுறை வேண்டாம், டார்ச் வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம்.

அதனால் நமக்கு முதலில் வேண்டியது வீரப்பட்டம் இல்லை. பயப்படும் உரிமை. "எனக்குப் பயமாருக்கு, நாளைக்கு நான் போகல" என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கும் அவள் அடுப்பு எரிய வேண்டும். அடிவாரத்து ஊர்களில் எரிவாயுவும், நிற்காத கூலி வேலையும், சொந்த நிலமும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தாணிப்பாறையிலும் செண்பகத்தோப்பிலும் இருக்கிற பளியர்களுக்கு ஏட்டில் இருந்தால் போதாது, கையில் பட்டாவாக வர வேண்டும்.

எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் தெருக்களில் காட்டைப் பற்றிக் கேளுங்கள். முதலில் யானையைத்தான் சொல்வார்கள். அதோடு நோட்டை மூடிவிடாமல் காத்திருங்கள். நான்காவது அச்சம் மெதுவாகத்தான் வாய்க்கு வரும். அதைச் சொன்னவர் மீது கேஸ் வராதபடி பேரை மறைத்து, சொன்ன பேச்சை மாற்றாமல் எழுதுங்கள்.